சொல்லாமல் போனவர்கள்

"உள்ளே முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். வெளியே ஒருவர். வருவார்."

வாசல் கதவு இதைச் சொன்னபோது வீட்டுக்குள் நாங்கள் மூன்று பேர்தான். நான், என் மகள் இயல், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் ஜோதிமணியக்கா. என் மனைவி மிருதுளா இறந்த நாளிலிருந்து கதவு தினமும் மாலையில் இதையே சொல்கிறது. செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல். உச்சரிப்பில் ஒரு பிழை கிடையாது. பழுது என்று நினைத்தேன். கம்பெனிக்குச் சொல்லவில்லை. அப்போது அந்த வீட்டில் பழுதாகாமல் இருந்தது எது?

அப்படியே விட்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை மதியம் என் மாமனார் பொள்ளாச்சியிலிருந்து இளநீர்க் குலையோடு வந்து சேர்ந்தார். நான் தொழிற்சாலையில் இருந்தேன். பம்ப் வடிவமைப்பவனுக்குச் சனிக்கிழமையும் உண்டு. தொலைபேசியில் அவர் கத்தியது பக்கத்து மேசைக்கும் கேட்டது. உடனே கிளம்பினேன்.

வீட்டில் இயல் சோபாவின் ஒரு முனையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனைக்கு எதிரே, கையில் ஒரு சுருள் ஒயரோடு, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார். எனக்கு முகம் தெரிந்தது. மாரப்பன். மிருதுளாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவர்.

"கேளுங் மாப்ள, இவன்ட்டயே கேளுங்" என்றார் மாமனார். "நான் வந்து பாக்கறேன், சோபால ஒக்காந்து என்ற பேத்தி கூடப் படம் பாத்துட்டிருக்கறான்."

"அன்னிக்குப் பொட்டி ஒயரை உட்டுட்டுப் போயிட்டனுங்க" என்றார் மாரப்பன் என்னிடம். "எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். கதவுகிட்ட நின்னு, ஒயர் எடுக்க வந்தனுங்கன்னேன். அதுவே தொறந்துருச்சு. பாப்பா உக்காருங்க மாமான்னுச்சு."

"உக்காருன்னா உக்காந்துக்குவியாடா? பொட்டிக்காரன் பச்சப்புள்ள பக்கத்துல உக்காருவியா?"

அன்றைக்கு இதே மாரப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "குளிர் போதுமாப்பா, பாத்துக்கப்பா, உன்ற பொண்ணாட்ட நெனச்சுக்க" என்று அழுதவர் என் மாமனார். இப்போது கையை ஓங்கினார். நான் குறுக்கே நின்றேன். மாடியில் துணி காயப்போட்டுவிட்டு ஜோதிமணியக்கா இறங்கி வந்து, நடந்தது புரியாமல் வாளியோடு நின்றார்.

மாரப்பன் ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினார். வாசல் வரை போனேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினார். போய்விட்டார்.

மாமனார் இளநீர்க் குலையைச் சமையலறையில் போட்டுவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். "பாருங் மாப்ள. என்ற புள்ளையத்தான் குடுத்துட்டேன். பேத்தி இந்த ஊட்ல இருக்கோணும்னா, தெரிஞ்ச ஆளுங்களக் கூப்ட்டு ஒழுங்கான காவல் போடுங். அது வரைக்கும் அம்மிணி அங்க இருக்கட்டும். அங்க ஸ்கூல்ல கூடப் பேசி வெச்சிருக்கறேன்."

காவல் போடும் வரைக்குமாம். அதற்கு எதற்குப் பள்ளிக்கூடம்? பேசி வைத்ததும் அன்று காலையில் இல்லை. மாரப்பன் வந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான். திட்டிக்கொண்டே சந்தோஷப்பட என் மாமனாருக்குத் தெரியும். இயலை அவர் கேட்கவில்லை, எடுத்துக்கொள்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. எனக்கு அவளைத் தவிர வேறு எதுவும் மீதி இல்லை என்பது அவருக்குப் புரியவில்லை. அவருக்கும் வேறு எதுவும் மீதி இல்லை.

"ஒரு வாரம் குடுங்க மாமா" என்றேன்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி பயமுறுத்தல். ஒருவன் நாய் இயந்திரம் விற்றான். குரைக்கும், மூத்திரம் போகாது என்றான். இன்னொருவன் சுவரில் ஓடும் மின்சாரத்தை வட்டாரத்துக்கேற்ப மாற்றலாம் என்றான். எப்படி வட்டாரத்துக்கேற்ப என்று கேட்டேன். "உங்க ஏரியா திருடனுக்கு எவ்வளவு தாங்கும்னு எங்ககிட்ட கணக்கு இருக்கு சார்" என்றான். டீ கொடுக்காமல் அனுப்பினேன்.

வியாழக்கிழமை அஸ்வந்த் வந்தான். இரண்டு வருடம் முன்பு இந்தப் பேசும் கதவை எங்களுக்கு விற்றவன் அவன்தான். அப்போது நீலச் சட்டை. இப்போது ஆரஞ்சு. வேறு கம்பெனி.

"மேடம் பத்திக் கேள்விப்பட்டேன் சார். ரொம்ப வருத்தம்." சரியாக ஒரு மூச்சு விட்டான். "இப்ப உங்க செக்யூரிட்டித் தேவை மாறியிருக்கு."

நான் கதவைக் காட்டினேன். மூன்று பேர் இருக்கும் வீட்டில் முப்பத்தெட்டுப் பேர் என்கிறது. தெரியாத ஆளை உள்ளே விடுகிறது. இதைத்தான் தொழில் தெரிந்தவர்கள் பொருத்தினீர்கள் என்றேன்.

கதவின் உள்பக்கத்துச் சிறு பலகையைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்தான். சிரித்தான்.

"சார், இது கரெக்டா வேலை செய்யுது."

"முப்பத்தெட்டு?"

"வீட்டுக்குள்ள கேமரா கூடாது, முகத்தைப் பதியக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சுல்ல சார்? எவனோ நாலு லட்சம் வீட்டோட பெட்ரூம் வீடியோவை வித்தானே, அதுக்கப்புறம். அதனால இது காதாலதான் கணக்கு வைக்கும். குரல் கேட்டா உள்ளே வந்தாச்சு. போயிட்டு வரேன்னு வாசல்ல சொன்னா வெளிய போயாச்சு. நம்ம ஊர்ல யாரும் அதைச் சொல்லாம படி இறங்க மாட்டாங்க. அதைப் பிடிச்சுத்தான் இந்த ப்ராடக்டே பண்ணினாங்க. அவார்டு வாங்குச்சு."

"சொல்லாம போனா?"

"போகலைன்னு அர்த்தம். உள்ளயே இருக்காங்கன்னு வச்சுக்கும். உள்ள இருக்கிற ஆள் குப்பை கொட்டிட்டு வந்தா நாம யாருன்னா கேக்குறோம்? குரல் கேட்டா கதவு திறந்துரும்." பலகையை மூடினான். "உங்க வீட்ல ஒரே நாள்ல முப்பத்தஞ்சு பேர் வந்திருக்காங்க. ஒருத்தர்கூட சொல்லிட்டுப் போகலை. அது சிஸ்டம் தப்பு இல்ல சார். யூசர் தப்பு."

"அஸ்வந்த், உனக்கு எந்த ஊர்?"

"திருப்பூர் சார்."

"திருப்பூர்ல சாவு வீட்டுக்குப் போனா, கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லுவியா?"

அவன் முகத்தில் ஏதோ நடந்தது. பிறகு அதைச் சரிசெய்துகொண்டான்.

"ஐயோ. சொல்ல மாட்டோம்."

"இதை டிசைன் பண்ணினவங்க வீட்ல யாரும் சாகலையா?"

"டெஸ்ட் பண்ணினாங்க சார். கல்யாணம், சீமந்தம், வளைகாப்பு, தீபாவளின்னு ஆயிரம் வீடு. இது..." கொஞ்சம் யோசித்தான். "இது டெஸ்ட் கேஸ்ல இல்ல."

மூன்று வகை விசேஷத்துக்கும் பட்டாசுக்கும் சோதித்திருக்கிறார்கள். விருது வாங்கியிருக்கிறார்கள். மாரப்பன் எந்த வீட்டிலும் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார். திரும்பி வருவேன் என்று அவர் சொன்னால் எந்த வீட்டில் பொறுத்துக்கொள்வார்கள்? இந்த ஊரில் இந்தக் கம்பெனியின் கதவு இருக்கும் எத்தனை வீடுகளுக்குள் அவர் உட்கார்ந்திருக்கிறாரோ.

இயல் எப்போது வந்து நின்றாள் என்று கவனிக்கவில்லை. நான்கு வயது. கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"அங்கிள், வெளிய ஒருவர்னு சொல்லுதே, அது எங்கம்மாவா?"

அஸ்வந்த் என்னைப் பார்த்தான். நான் எதுவும் செய்யவில்லை.

"ஆமா பாப்பா. அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. வெளிய போன விருந்தாளின்னா அன்னிக்கு ஒரு நாள்தான் ஞாபகம் வெச்சுக்கும். வீட்டு ஆளுன்னா எத்தனை நாளானாலும் வருவாங்கன்னே வெச்சுக்கும்."

இறந்த அன்று காலை மிருதுளா தலைவலி என்றாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். ஆளில்லா ஆட்டோவை வரவழைத்து, இயலை ஜோதிமணியக்காவிடம் விட்டுவிட்டு, கதவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். எப்போதும் சொல்வாள், மனுஷியிடம் சொல்வதுபோல. நான் செயலியில் பொத்தானை அழுத்துபவன். மருத்துவமனை வாசலில் ஆட்டோ நின்று, இறங்கவும் என்று மூன்று மொழியில் சொல்லிக்கொண்டிருந்ததாம்.

"சொல்லாம போயிருந்தா அம்மா உள்ளயே இருந்திருப்பாங்களா?" என்றாள் இயல்.

"கணக்குப்படி ஆமா பாப்பா" என்றான் அந்த மடையன்.

அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

புதிய சாதனம் பேச்சை நம்பாதாம். தரைக்கு அடியில் எடையையும் காற்றில் சூட்டையும் அளக்குமாம். திங்கட்கிழமை பொருத்தலாம் என்றான். "ஒரே ஒரு விஷயம் சார். பழசை மூடணும்னா வீட்டு ஆள் யாரும் வெளியே பாக்கி இருக்கக் கூடாது. நீங்க கதவு முன்னாடி நின்னு, மேடம் வரமாட்டாங்கன்னு வாயால சொல்லணும். அதை நாங்க சொல்ல முடியாது. வேணும்னா மேடம் குரலைத் தனியா எடுத்து..."

"வேண்டாம். திங்கட்கிழமை சொல்றேன்."

எனக்கு அது கஷ்டமில்லை என்றுதான் நினைத்தேன். சுடுகாட்டில் சொல்லியிருக்கிறேன், வங்கியில், காப்பீட்டு அலுவலகத்தில், ரேஷன் கடையில் சொல்லியிருக்கிறேன். ஒரு கதவிடம் சொல்ல என்ன.

"அப்ப வரேன் சார்" என்றான். "ஒருவர் வெளியே போனார். வருவார்" என்றது கதவு.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் வந்துவிட்டார். திங்கட்கிழமை பொருத்துகிறார்கள் என்றேன். பொருத்தட்டும், ஒரு மாசம் ஓட்டிப் பார்க்கட்டும், அப்புறம் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். இயலின் துணியோடு, மழைக்கோட்டையும் குளிருக்குப் போடும் ஸ்வெட்டரையும் எடுத்து வைத்தார். அப்போது சித்திரை.

நான் தடுக்கவில்லை. தடுக்க உடம்பில் எதுவோ வேண்டியிருக்கிறது. அது என்னிடம் அப்போது இல்லை.

வாசலில் இயலுக்குச் செருப்பு மாட்டிவிட்டேன்.

"அப்பாட்ட சொல்லிப்போட்டு வா கண்ணு" என்றார் மாமனார்.

அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னம் உப்பியது.

"சொல்லு சாமி. போயிட்டு வர்றேன்னு சொல்லு. சொல்லாமப் போகக் கூடாது."

தலையை ஆட்டினாள். மூச்சையே பிடித்துக்கொண்டிருந்தாள். படி இறங்கி, காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிய பிறகுதான் வாயைத் திறந்தாள். கோபம் என்று மாமனார் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் காரை அவரே ஓட்டுவார். தானாக ஓடும் வண்டிகளை நம்ப மாட்டார். கார் திருப்பத்தில் மறைந்ததும் பால் வாங்கலாம் என்று செயலியில் என் பொத்தானை அழுத்திவிட்டு இறங்கினேன். முதல் படியிலேயே கதவு அலறத் தொடங்கியது.

"குழந்தை தனியாக இருக்கிறது. குழந்தை தனியாக இருக்கிறது."

பூட்டு விழவில்லை. ஞாயிறு ஜோதிமணியக்காவும் வருவதில்லை, விருந்தாளிகள் எத்தனை பேர் உள்ளே இருந்தாலும் கதவு அவர்களைக் குழந்தைக்குத் துணையாகக் கணக்கிடாது. எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. குடியிருப்புச் சங்கச் செயலாளர் சபேசன் அரைக்கால் சட்டையோடு இரண்டு காவலாளிகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஓய்வு பெற்ற அதிகாரி. ஓய்வு பெற்றதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"என்ன நவநீதன், குழந்தையை உள்ள வெச்சுட்டு எங்க போறீங்க?"

"குழந்தை உள்ள இல்ல சார். தாத்தாவோட பொள்ளாச்சி கிளம்பிட்டா."

அவர் தன் கைப்பேசியைக் காட்டினார். "உள்ளன்னு வந்திருக்கே."

"வந்து பாருங்க."

பார்த்தார்கள். ஒரு காவலாளி கட்டிலுக்கு அடியில் குனிந்து, "பாப்பா, வெளிய வாம்மா, அடிக்க மாட்டோம்" என்றான். இன்னொருவன் துணி துவைக்கும் இயந்திரத்தைத் திறந்து பார்த்தான். பிறகு குளிர்சாதனப் பெட்டியை. காய்கறித் தட்டையும் இழுத்துப் பார்த்தான். சபேசன் கூடத்தின் நடுவில் நின்று என்னைப் பார்த்த பார்வையில் என் மனைவி எப்படி இறந்தாள் என்ற கேள்வியும் புதிதாகச் சேர்ந்திருந்தது.

"கண்ணால பாத்துட்டீங்கல்ல?" என்றேன்.

"கண்ணால பாக்கிறது வேற சார். ரெக்கார்டுல உள்ள இருக்கு. ஒரு மணி நேரத்துல குழந்தையே கதவைத் தட்டிக் குரல் குடுக்கணும், இல்லன்னா அலறல் நிக்காது, தானா போலீசுக்குப் போயிடும். என் கையில இல்ல."

குழந்தையை வேறு யாரும் வெளியே என்று குறிக்க முடியாது. கடத்தலைத் தடுக்கும் ஏற்பாடு. தொலைபேசிக் குரலும் செல்லாது. பதிவு செய்த குரலை வைத்துத் திருடர்கள் ஏமாற்றாமலிருக்க. இரண்டையும் இரண்டு வருடம் முன்பு நீலச் சட்டையில் அஸ்வந்த் எங்களுக்குப் பெருமையாக விளக்கியிருந்தான். மிருதுளா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த முகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சோபாவில் உட்கார்ந்தேன். பிறகு மாமனாரைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க மாமா?"

"கிணத்துக்கடவு தாண்டியாச்சுங். ஏனுங்?"

"பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

"மாப்ள, பேசி முடிச்சதைத் திருப்பியும்..."

"பாப்பா வீட்டுக்குள்ள இருக்கிறதா கதவு சொல்லுது. நீங்க கூட்டிட்டு வரலைன்னா போலீஸ் உங்க காரை நிறுத்துவாங்க. ஊட்ல இருக்கிற புள்ள உங்க கார்ல எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. நீங்கதான் நல்ல காவல் வேணும்னீங்க."

அந்தப் பக்கம் கெட்ட வார்த்தை ஒன்று கேட்டது. எனக்கா, கதவுக்கா என்று தெரியவில்லை. பின்னால் இயலின் சிரிப்பும் கேட்டது.

கார் திரும்பி வந்தபோது வாசலில் பாதித் தெரு நின்றது. மாமனார் இயலைத் தூக்கிக்கொண்டு வந்து கதவு முன் இறக்கிவிட்டார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"அம்மிணி வந்தாச்சு, பாத்துக்கங். கண்ணு, இந்தச் சனியன்கிட்ட போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. மறுபடி போலாம்."

"மாட்டேன்."

"அப்புச்சி எளநி வெட்டித் தர்றேன். கன்னுக்குட்டி பாக்கலாம்."

"மாட்டேன் அப்புச்சி."

"ஏஞ்சாமி? ஒரு வார்த்தைதான?"

"அம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றாள் இயல்.

மாமனாரின் கை அவள் தலைமேல் அப்படியே நின்றது. சபேசன் எதையோ சொல்ல வாயெடுத்து, முதல் முறையாகச் சொல்லாமல் விட்டார்.

இயல் கதவைத் தட்டினாள். "தொற."

திறந்தது. அலறல் நின்றது. அது அவளை வரவேற்கவில்லை. அதன் கணக்கில் அவள் எங்கும் போயிருக்கவில்லை.

மாமனார் காருக்குப் போய் அவளுடைய பையை எடுத்துவந்து உள்ளே வைத்தார். ஸ்வெட்டரை எடுத்து அவரே அலமாரியில் மடித்து வைத்தார். பிறகு மறுபடி வெளியே போனார். கடைவீதியில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு வந்து, காரிலிருந்த சுத்தியலும் திருப்புளியும் எடுத்து, கதவின் உள்பக்கம் பொருத்தத் தொடங்கினார்.

"சார், ரூல் என்னன்னா, அங்கீகாரம் உள்ள ஆளுங்கதான் பொருத்தணும்" என்றார் வாசலில் இன்னும் நின்றிருந்த சபேசன்.

"என்ற தோப்புல மோட்டார் ரூமுக்கெல்லாம் நாந்தான் போட்டேன். போங் சார், போய்ப் பேண்ட் போடுங்."

தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டு எடுத்துப் பார்த்தார். ஜோதிமணி மாடிக்குப் போகும்போது இதைப் போட்டுவிட்டுப் போகட்டும் என்றார். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இயல் தூங்கிப் போயிருந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"ஸ்கூல்ல வேண்டாம்னு சொல்லிப்போடறேன் மாப்ள."

"சரிங்க மாமா."

போயிட்டு வர்றேன் என்று சொல்ல வாய் திறந்தார். கதவைப் பார்த்தார். மூடிக்கொண்டார். சொல்லாமலே படி இறங்கினார்.

திங்கட்கிழமை அஸ்வந்த் இரண்டு ஆட்களோடும் பெட்டிகளோடும் வந்து நின்றான். வேண்டாம் என்றேன். தாழ்ப்பாளைப் பார்த்தான். எந்தக் கம்பெனி சார் என்றான். பொள்ளாச்சி என்றேன். அதைக் குறித்துக்கொண்டான்.

"மேடம் பேரையாவது க்ளோஸ் பண்ணிடலாமா சார்? சும்மா தொங்கிட்டே இருக்கும். ஒரு வார்த்தைதான்."

"இல்ல."

"ஓகே சார். அப்ப வரேன்."

மாலையில் வேலை முடிந்து வந்தேன். இயல் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஜோதிமணியக்கா தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, மறுபடி போட்டார்.

"உள்ளே முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள்" என்றது கதவு. "வெளியே இருவர். வருவார்கள்."

இருவரில் அஸ்வந்த் கட்டாயம் வருவான்.